பனிக்காலத்தில் கேஸ் கீசர் பற்றாதபோது

உதகமண்டலத்திலும் குன்னூரிலும் கோத்தகிரியிலும், பழனி மலையில் கொடைக்கானலிலும், குளிக்கும் நீருக்குக் கேஸ் கீசரை நம்பியிருக்கும் வீடுகள் பல. மழைக்காலத்தில் மின்சாரம் நின்றாலும் இரண்டு பேட்டரிகளின் துணையோடு அது வேலை செய்கிறது. குழாயைத் திறந்த சில நொடிகளில் சுடுநீர் தருகிறது. ஆனால் மார்கழி, தை மாதங்களின் விடியற்காலையில், அதாவது தண்ணீரில் கை வைக்கவே தயங்கும் வேளையில், அது பற்ற மறுப்பது அதிகம். அவ்வாறு மறுக்கும்போது வீட்டில் இருப்பவர் எதை எந்த வரிசையில் பார்க்க வேண்டும், எதைத் தொடக்கூடாது, எந்தக் கட்டத்தில் மெக்கானிக்கை அழைக்க வேண்டும் என்பதை இங்கே எழுதுகிறேன்.

எதையும் சோதிப்பதற்கு முன் மூக்கைத்தான் நம்ப வேண்டும். எல்.பி.ஜி.க்கு இயல்பில் மணம் கிடையாது. கசிவு தெரிய வேண்டும் என்பதற்காகவே அதில் மெர்காப்டன் என்ற நாற்றப்பொருளைக் கலக்கிறார்கள். அந்த நாற்றம் வந்தால் கீசரை மீண்டும் பற்ற வைத்துப் பார்க்கக்கூடாது. மின்விளக்கு சுவிட்சைப் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. ரெகுலேட்டரை மூடி, கதவு சன்னல்களைத் திறந்துவிட்டு வெளியே வந்து, 1906 என்ற அவசர எண்ணை அழைக்க வேண்டும். இந்த வாயு காற்றைவிடக் கனமானது. ஆகையால் அது மேலே எழுந்து போய்விடாமல் தரையோடு தவழ்ந்து தாழ்வான இடத்தில் தேங்கும். சரிவில் கட்டிய மலை வீடுகளில் கீழ்த்தள அறைகளும் படிக்கட்டுக்கு அடியில் உள்ள இடங்களும் அப்படிப்பட்டவை என்பதால் அவற்றையும் காற்றோட்டமாகத் திறந்துவைக்க வேண்டும்.

நாற்றம் இல்லை என்று உறுதியான பிறகு, கீசர் எப்படிப் பற்றுகிறது என்பதைச் சற்று அறிந்துகொண்டால் பழுதைத் தேடுவது எளிதாகும். சுடுநீர்க் குழாயைத் திறந்ததும் நீர் கீசருக்குள் பாய்கிறது. அந்த ஓட்டம் ஒரு ரப்பர் சவ்வைத் தள்ள, அது ஒரு சிறு சுவிட்சை அழுத்துகிறது. உடனே 1.5 வோல்ட் பெரிய பேட்டரிகள் இரண்டும் தரும் 3 வோல்ட் மின்சாரத்தில் கட்டுப்பாட்டுப் பெட்டி விழித்துக்கொண்டு, ஒருபக்கம் 'டிக் டிக்' என்று பொறி பறக்கவிடுகிறது, மறுபக்கம் கேஸ் வால்வைத் திறக்கிறது. சுடர் பற்றியதும் அதில் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு மெல்லிய கம்பி சுடர் இருப்பதை உணர்ந்து தகவல் சொல்கிறது. சில நொடிகளுக்குள் அந்தத் தகவல் வராவிட்டால் பெட்டி கேஸை மூடிவிடும். ஆக, நீர், மின்சாரம், கேஸ், காற்று ஆகிய நான்கில் ஒன்று குறைந்தாலும் கீசர் நின்றுபோகும். எது குறைந்தது என்பதைக் கீசர் எழுப்பும் சத்தத்தைக் கொண்டே பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

எந்தச் சத்தமும் வராவிட்டால்

குழாயைத் திறந்தும் 'டிக் டிக்' ஒலி கேட்கவே இல்லை என்றால் கேஸைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். பழுது நீரிலோ பேட்டரியிலோதான் இருக்கும். முதலில் பேட்டரிப் பெட்டியைத் திறந்து பார்க்க வேண்டும். மூடுபனியும் ஈரமும் ஆண்டின் பெரும்பகுதி நிறைந்திருக்கும் ஊர்களில் பேட்டரி தீர்வதற்கு முன்பே அதன் முனைகளில் பச்சையாகவோ வெள்ளையாகவோ பூத்துவிடுகிறது. அதை உலர்ந்த துணியால் துடைத்து, தேவையானால் மெல்லிய உப்புத்தாளால் ஒருமுறை தேய்த்துவிட வேண்டும். பேட்டரியை மாற்றும்போது இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். பழையதையும் புதியதையும் இணைத்தால் புதியதும் விரைவில் சோர்ந்துவிடும். குளிரில் பேட்டரியின் திறன் இயல்பாகவே குறையும் என்பதால், பகலில் வேலை செய்த பேட்டரி விடியற்காலை 5 மணிக்குக் கைவிடுவதில் வியப்பில்லை. மலிவான சாதாரண பேட்டரியைவிட ஆல்கலைன் பேட்டரி குளிரை நன்றாகத் தாங்கும். விலை கூடுதல்தான், ஆனால் இந்த ஒரு செலவில் கஞ்சத்தனம் வேண்டாம் என்பது என் கருத்து.

பேட்டரி புதியது, ஆனாலும் சத்தம் இல்லை என்றால் நீரின் பக்கம் திரும்ப வேண்டும். சவ்வைத் தள்ளும் அளவுக்கு ஓட்டம் இல்லாவிட்டால் கீசர் விழித்துக்கொள்ளாது. பெரும்பாலான வீட்டுக் கீசர்களுக்கு நிமிடத்துக்கு 2.5 முதல் 3 லிட்டர் நீராவது ஓட வேண்டும். 10 லிட்டர் வாளியைச் சுடுநீர்க் குழாயின் கீழ் வைத்து நிரப்பிப் பாருங்கள். 4 நிமிடத்துக்கு மேல் ஆனால் ஓட்டம் போதவில்லை என்று பொருள். கீசருக்கு நீர் நுழையும் இடத்தில் ஒரு சிறு சல்லடை உண்டு. ஊற்று நீரையும் ஓடை நீரையும் குழாய் வழியாகக் கொண்டுவரும் வீடுகளில், மழைக்குப் பின் மண்ணும் இலைத் துணுக்கும் அந்தச் சல்லடையை அடைத்துவிடும். நீர் வால்வை மூடி, சல்லடையைக் கழற்றி, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி மாட்டினாலே பல கீசர்கள் உயிர் பெறும்.

தொட்டியின் உயரத்தையும் பார்க்க வேண்டும். தகரக் கூரை வீடுகளில் மேலே தொட்டி வைக்க இடமில்லாமல், குளியலறைக் கூரையை ஒட்டியே பிளாஸ்டிக் தொட்டியை வைத்துவிடுகிறார்கள். கீசருக்கு 2.5 மீட்டர் உயரத்திலாவது நீர்மட்டம் இருந்தால்தான் போதிய அழுத்தம் கிடைக்கும். உங்கள் மாடலுக்கு எவ்வளவு தேவை என்பது கையேட்டில் இருக்கும். மலைச்சரிவு இதற்கு ஒரு வசதி செய்து தருகிறது: வீட்டுக்குப் பின்னால் மேட்டில் தொட்டியை வைத்தால் தனியே தாங்கு கட்டாமலே அந்த உயரம் கிடைத்துவிடும்.

தலைகுந்தா, காந்தல் போன்ற தாழ்வான இடங்களில் உறைபனி விழும் காலைகளில், வெளிச்சுவரில் செல்லும் குழாய்க்குள்ளேயே நீர் உறைந்து நிற்பது உண்டு. அப்போது வெயில் ஏறும்வரை காத்திருப்பதே நல்லது. குழாயின் மேல் நெருப்பைக் காட்டக்கூடாது. இரவில் கடும்பனி வரும் என்று தெரிந்தால் கீசரின் நீர் வால்வை மூடி, அடியில் உள்ள வடிகால் திருகைத் திறந்து உள்ளே இருக்கும் நீரை வடித்துவிட வேண்டும். உறையும் நீர் விரிவதால் சவ்வு கிழியும், செப்புக் குழாயும் வெடிக்கும். டிசம்பரில் வீட்டைப் பூட்டிவிட்டுச் சமவெளிக்கு இறங்குபவர்களும் இதை மறக்கக்கூடாது.

'டிக் டிக்' கேட்டும் சுடர் வராவிட்டால்

மலையில் மிகுதியாகக் காணப்படுவது இந்த வகைதான். பொறி பறக்கிறது, நீர் ஓடுகிறது, ஆனால் பற்றவில்லை. சிலிண்டர் புதிதாக மாற்றியிருந்தால் ட்யூபுக்குள் காற்று தங்கியிருக்கும். குழாயை மூடித் திறந்து சில முறை முயன்றால் காற்று வெளியேறிக் கேஸ் வந்துவிடும். ஒவ்வொரு முயற்சிக்கும் இடையே ஓரிரு நிமிடம் விட வேண்டும். பற்றாமல் போன ஒவ்வொரு முறையும் சிறிது கேஸ் உள்ளே தங்குவதால், இடைவெளி விடாமல் முயன்றால் கடைசியில் அது 'படார்' என்று ஒரே வீச்சில் பற்றி எரியும். முன்னால் குனிந்து பார்ப்பவரின் புருவம் கருகும்.

பேட்டரி பாதி தீர்ந்த நிலையிலும் இந்த அறிகுறி தோன்றும். பொறிக்குத் தேவையான மின்சாரம் குறைவு, கேஸ் வால்வைத் தூக்குவதற்குத் தேவையானது அதிகம். ஆகவே பொறி ஒலி கேட்கிறது என்பதாலேயே பேட்டரி நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டக்கூடாது. காதைச் சற்று அருகில் வைத்துக் கேட்டால் பொறியோடு 'டக்' என்று வால்வு திறக்கும் ஒலி தனியே கேட்கும். அது கேட்கவில்லை என்றால் பேட்டரியை மாற்றிப் பார்த்த பின்பே வேறு எதையும் யோசிக்க வேண்டும்.

'டக்' ஒலியும் கேட்கிறது, பொறியும் பறக்கிறது என்றால் சிலிண்டரிடம் போக வேண்டும். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். சமையலறை அடுப்பைப் பற்ற வைத்துப் பார்க்கிறார்கள். அது நன்றாக எரிகிறது. ஆகவே கேஸ் இருக்கிறது, கீசர்தான் கெட்டுவிட்டது என்கிறார்கள். அடுப்பின் பெரிய பர்னர் மணிக்கு 150 முதல் 200 கிராம் வரை கேஸ் எடுக்கும். 6 லிட்டர் கீசர், அதாவது நிமிடத்துக்கு 6 லிட்டர் சுடுநீர் தருவது, முழுவீச்சில் எரிந்தால் மணிக்கு ஏறத்தாழ 1 கிலோ எடுக்கும். அடுப்புக்குப் போதுமான கேஸ் கீசருக்குப் போதும் என்பது இல்லை.

குளிர் இந்த இடைவெளியை இன்னும் கூட்டுகிறது. சிலிண்டருக்குள் இருப்பது திரவம். அது ஆவியாவதற்குச் சுற்றியுள்ள காற்றிலிருந்து வெப்பம் எடுத்துக்கொள்ள வேண்டும். நம் நாட்டு எல்.பி.ஜி. புரோபேனும் பியூட்டேனும் கலந்தது. கடல்மட்ட அழுத்தத்தில் புரோபேன் -42 டிகிரியில் கொதிக்கும், பியூட்டேனோ -0.5 டிகிரியில்தான் கொதிக்கும். உதகையின் பனி இரவில் வெளியே நிற்கும் சிலிண்டரில் பியூட்டேன் ஏறக்குறைய உறங்கிவிடுகிறது. மேலும், எளிதில் ஆவியாகும் புரோபேன்தான் முதலில் அதிகமாக வெளியேறும் என்பதால், தீரும் நிலையில் உள்ள சிலிண்டரில் மிஞ்சுவது பெரும்பாலும் பியூட்டேன். கால் சிலிண்டர் கேஸ் மீதமிருக்கும்போதே விடியற்காலையில் கீசர் பற்ற மறுப்பதும், அதே சிலிண்டர் பகல் 11 மணிக்கு எந்தத் தொல்லையும் இல்லாமல் எரிவதும் இதனால்தான். இதற்குக் கீசரைக் குறை சொல்லிப் பயனில்லை.

செய்யக்கூடியவை எளியவை. சிலிண்டரில் எவ்வளவு மீதமிருக்கிறது என்று அறிய, ஈரத்துணியால் அதன் உடலை மேலிருந்து கீழாகத் துடைத்துவிட்டுப் பார்த்தால், திரவம் உள்ள மட்டம் வரை ஈரம் மெதுவாகவும் அதற்கு மேலே விரைவாகவும் உலரும். மூடுபனி நாளில் இது தெளிவாகத் தெரியாது. அப்போது எடை போட்டு, சிலிண்டரின் கழுத்தில் பொறித்துள்ள வெற்று எடையைக் கழித்துக்கொள்ளலாம். வீட்டுச் சிலிண்டர் நிரம்பியிருக்கும்போது அதில் உள்ள கேஸ் 14.2 கிலோ. மீதம் 3, 4 கிலோவாகக் குறைந்தால் அந்தச் சிலிண்டரை அடுப்புக்கு மாற்றிவிட்டு, நிரம்பியதைக் கீசருக்குக் கொடுப்பது குளிர்காலத்துக்கு ஏற்ற ஏற்பாடு. ஒரே சிலிண்டரிலிருந்து அடுப்புக்கும் கீசருக்கும் இணைப்புக் கொடுத்திருக்கும் வீடுகளில், ஒருவர் குளிக்கும்போது மற்றவர் இட்லி வேகவைத்தால் இரண்டுமே சோரும். கீசரில் கோடை, குளிர் என்று நிலை மாற்றும் திருகு இருந்தால், முதலில் கோடை நிலையில் வைத்துச் சிறிய சுடராகப் பற்ற வைத்து, பிறகு கூட்டிக்கொள்ளலாம். சிலிண்டரை நேரடிப் பனி படாமல், நாற்புறமும் காற்றோடும் கூரையின் கீழ் நிறுத்துவதும் உதவும்.

செய்யக்கூடாதவை இன்னும் முக்கியமானவை. சிலிண்டரின் மேல் கொதிநீரை ஊற்றுவதையும், அதை நெருப்பருகில் வைப்பதையும், 'கடைசிச் சொட்டு வரட்டும்' என்று படுக்க வைப்பதையும் குலுக்குவதையும் மலையில் பல வீடுகளில் காணலாம். படுக்க வைத்த சிலிண்டரிலிருந்து ஆவிக்குப் பதில் திரவமே ரெகுலேட்டருக்குள் பாயும். அது பர்னருக்குப் போனால் சுடர் அடங்காமல் பொங்கி எழும். அதுபோலவே, அழுத்தம் போதவில்லை என்று கருதித் திருகிக் கூட்டும் உயர் அழுத்த ரெகுலேட்டரை வாங்கி மாட்டுவதும் ஆபத்து. வீட்டுச் சாதனங்கள் 30 மில்லிபார் அளவிலான அழுத்தத்துக்கே செய்யப்பட்டவை.

ட்யூபையும் இந்தச் சமயத்தில் பார்த்துவிடலாம். உள்ளே கம்பி வலை பதித்த ஆரஞ்சு நிற சுரக்ஷா ட்யூபை 5 ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். ஆண்டு அதன் மேலேயே அச்சாகியிருக்கும். அது எங்காவது மடிந்தோ நசுங்கியோ இருந்தாலும் அடுப்பு எரியும், கீசர் எரியாது. இணைப்புகளில் சோப்பு நீரைத் தடவி நுரை குமிழ்கிறதா என்று பார்ப்பதே கசிவைக் கண்டுபிடிக்கும் வழி. தீக்குச்சியைக் காட்டிப் பார்ப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

பற்றி, உடனே அணைந்தால்

பற்றிச் சில நொடிகளில் அணைவது என்றால், சுடர் இருப்பதை உணரும் கம்பியில் கரியோ துருவோ படிந்திருக்கலாம். அதைச் சுத்தம் செய்வது சிறிய வேலைதான் என்றாலும் மூடியைக் கழற்ற வேண்டியிருப்பதால் மெக்கானிக்கிடம் விடுவதே முறை. ஏறத்தாழ 20 நிமிடம் தொடர்ந்து எரிந்துவிட்டு நின்றால் அது பழுது அல்ல. பல மாடல்களில் பாதுகாப்புக்காகவே அப்படி அமைத்திருக்கிறார்கள். குழாயை மூடித் திறந்தால் மீண்டும் எரியும். திரையில் எண் காட்டும் கீசர்களில் அந்த எண்ணின் பொருள் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும் என்பதால் கையேட்டைத்தான் பார்க்க வேண்டும்.

காற்று வீசும் நாட்களில் மட்டும் அணைகிறது என்றால் புகைக்குழாயின் வாயைப் பார்க்க வேண்டும். உதகையின் மேற்குச் சரிவுகளில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குக் காற்று ஓங்கி அடிக்கும். குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவக்காற்றின் மழை வலுவாக இருக்கும். புகைக்குழாயின் வாய் அந்தந்த ஊரின் காற்றுக்கு நேர் எதிரே இருந்தால், காற்று உள்ளே புகுந்து சுடரை அணைப்பதோடு புகையையும் வீட்டுக்குள் தள்ளும். வாயைத் திசை மாற்றி, மேலே தொப்பி பொருத்தினால் சரியாகும். பயன்படுத்தாமல் பூட்டிக்கிடந்த வீட்டில் குழாய்க்குள் குளவிக் கூடும் சிலந்தி வலையும் இருக்கும்.

கதவடைத்த அறையில் சில நிமிடம் எரிந்துவிட்டுத் தானே அணையும் கீசரை மட்டும் மறுபடி பற்ற வைக்கவே கூடாது. அறையில் ஆக்சிஜன் குறைந்ததை உணர்ந்து அது தன்னை நிறுத்திக்கொண்டிருக்கலாம். உதகை 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் முக்கால் பங்கைச் சற்றே தாண்டும். அதாவது ஒரே அளவு கேஸை எரிக்கச் சென்னையைவிட அதிகக் கன அளவு காற்று தேவைப்படும். அமெரிக்கப் பொறியியல் நடைமுறையில் 600 மீட்டருக்கு மேற்பட்ட ஊர்களில், கடல்மட்டத்திலிருந்து ஒவ்வொரு 300 மீட்டருக்கும் கேஸ் சாதனத்தின் திறனை 4 விழுக்காடு குறைத்துக் கணக்கிடுவது வழக்கம். அந்தக் கணக்கில் உதகையில் கால் பங்குக்கு மேல் குறைத்தே எரிக்க வேண்டும். சமவெளிக்கு ஏற்ப அமைத்த கீசரை முழுவீச்சில் வைத்தால் சுடர் நீலமாக இல்லாமல் மஞ்சளாக ஆடும், கரி படியும், கார்பன் மோனாக்சைடு பிறக்கும். ஆகவே கேஸ் திருகைச் சுடர் நீலமாக நிற்கும் அளவுக்குக் குறைத்து வைக்க வேண்டும். அப்படியும் மஞ்சள் மாறாவிட்டால் பர்னரைச் சுத்தம் செய்யும்வரை பயன்படுத்தக்கூடாது.

கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இரத்தத்தின் ஹீமோகுளோபினோடு அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் வலுவாக ஒட்டிக்கொள்ளும். தலைவலி, குமட்டல், தலைச்சுற்றல் என்று தொடங்கி, எழுந்து கதவைத் திறக்கும் வலு இல்லாமல் செய்துவிடும். சமவெளியிலிருந்து வந்த விருந்தினருக்கு இவை தோன்றினால், கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி வந்த மயக்கம் என்று எண்ணி ஓய்வெடுக்கச் சொல்வது இயல்பு; ஆனால் குளித்த பின்போ கீசர் எரிந்துகொண்டிருக்கும்போதோ தோன்றினால் உடனே திறந்த வெளிக்குக் கொண்டுபோய் 108ஐ அழைக்க வேண்டும். குளிருக்காக அறைக்குள் கரியடுப்பு வைத்துக்கொண்டு தூங்கியவர்கள் இறந்த செய்திகளை மலை ஊர்களில் கேட்டிருப்போம். அதே வாயுதான் இதுவும். கீசர் குளியலறைக்கு வெளியே, காற்றோட்டமான இடத்தில் இருக்க வேண்டும். பனிக்காற்று வருகிறது என்று காற்றுப்போக்கித் துவாரத்தில் துணியையும் அட்டையையும் திணிப்பதை எந்தக் காரணத்துக்காகவும் அனுமதிக்கக்கூடாது. கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி ஒன்றை வாங்கி மாட்டுவது, கீசரின் விலையோடு ஒப்பிட்டால் பெரிய செலவு ஆகாது.

மெக்கானிக்கை அழைக்கும்போது

பேட்டரி, சல்லடை, நீரோட்டம், சிலிண்டர், ட்யூப், காற்றோட்டம் ஆகியவற்றைப் பார்த்தும் பற்றாவிட்டால் சவ்வு, சிறு சுவிட்ச், கேஸ் வால்வு, கட்டுப்பாட்டுப் பெட்டி ஆகியவற்றில் ஒன்று பழுதாகியிருக்கும். இவற்றை வீட்டில் பிரிக்கக்கூடாது. நிறுவனத்தின் ஆள் கோவையிலிருந்தோ மதுரையிலிருந்தோ மலையேறி வர வேண்டியிருந்தால், உதிரிப் பாகம் இல்லாமல் வந்து திரும்புவதால் ஒரு வாரம் போய்விடும். ஆகையால் தொலைபேசியிலேயே மாடல் எண்ணையும், 'டிக் டிக்' ஒலி வருகிறதா, 'டக்' ஒலி வருகிறதா, சுடர் பற்றி எத்தனை நொடியில் அணைகிறது, பகலில் பற்றுகிறதா என்பதையும் சொல்லிவிட வேண்டும். நீங்கள் இருக்கும் ஊரின் உயரத்தையும் சொல்லி, பர்னரை அதற்கேற்ப அமைத்துத் தருமாறு கேட்க வேண்டும். உணர்வுக் கம்பியையோ ஆக்சிஜன் உணர்வியையோ இணைப்பிலிருந்து விலக்கி 'நேரடியாக' எரிய வைத்துத் தருகிறேன் என்று யாராவது முன்வந்தால், கூலியைக் கொடுத்து அனுப்பிவிட்டு வேறு ஆளைப் பார்க்க வேண்டும். புதிய கீசரே வாங்க நேர்ந்தால் ஐ.எஸ். 15558 தரக்குறியீடு அதில் இருக்கிறதா என்று பார்த்து வாங்கலாம்.